பிடியரிசியும் குடிநிலமும்: வீடற்றோர்க்கு எளியோர் அளித்த ஆதரவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1. தோற்றுவாய்

மணிமேகலைக் காப்பியத்தில் இடம்பெறும் அமுதசுரபியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் அள்ளக் குறையாத தன்மையையே வியந்துரைப்பர். மணிபல்லவத்திலிருந்து காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்தபோது அப்பாத்திரம் வெறுமையாகவே இருந்தது. ஆதிரை என்னும் இல்லத்தரசி முதற் பிச்சையை இட்ட பின்னரே அது ஊரம்பலத்தில் ஒதுங்கிக் கிடந்த ஆதரவற்றோரின் பசியைத் தீர்க்கத் தொடங்கியது. இச்செய்தி அத்துணை கவனத்தைப் பெறுவதில்லை. காப்பியம் தெய்வச் செயலாகக் கூறுவதை வரலாற்று மாணவர் வேறொரு வகையிலும் வாசிக்கலாம். வீடற்றோர்க்கான ஆதரவு எந்த அரசின் பெயராலும் எந்த நிறுவனத்தின் பெயராலும் வழங்கப்பட்ட போதும், அதன் தொடக்கத்தில் யாரோ ஒருவரது அடுக்களை இருந்துள்ளது.

எமது அறக்கொடை வரலாறு மன்னரதும் வணிகரதும் நிலவுடைமையாளரதும் கொடைகளைக் கொண்டே இதுவரை எழுதப்பட்டுள்ளது. கல்வெட்டும் செப்பேடும் தருமசாதன உறுதியும் கொடுத்தவர் பெயரைப் பொறித்து வைத்துள்ளன. பானையிலிருந்து ஒரு பிடி அரிசியை ஒதுக்கி வைத்தவளின் பெயரை எவரும் பொறிக்கவில்லை. ஆகவே எளியோரின் ஈகையை ஆராயப் புகும்போது ஆவணங்கள் எமக்குப் பெரிதும் கைகொடுப்பதில்லை. ஊர்ப்பெயர்கள், வழக்காறுகள், வழங்குசொற்கள், அண்மைக்கால இடப்பெயர்வுகளைக் கண்டோரின் நினைவுகள் ஆகியவற்றையே நாம் நாடவேண்டியுள்ளது.

இலங்கையின் வடபகுதியைக் களமாகக் கொண்டு, 19ஆம் நூற்றாண்டிலிருந்து இன்று வரை, குறைந்த வசதியுடைய மக்கள் வீடற்றோர்க்கு எவ்வெவ் வகையில் உதவினர், அவ்வுதவி எங்கே பயன் தந்தது, எங்கே தடைப்பட்டது என்பவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம். வீடற்றோர் என இங்கு நாம் கொள்வோர் மூவகையினர். தங்குமிடமின்றி வழியிற் செல்லும் பரதேசிகளும் யாத்திரிகரும் முதல் வகையினர். பிறர் காணியில் குடிசை போட்டு, எந்நாளும் எழுப்பப்படக்கூடிய நிலையில் வாழ்ந்தோர் இரண்டாம் வகையினர். வன்செயலாலும் போராலும் விரட்டப்பட்டோர் மூன்றாம் வகையினர். முதல் வகையினர்க்குச் செய்தது அறமெனப் போற்றப்பட்டது. மூன்றாம் வகையினர்க்குச் செய்தது மனிதாபிமானம் எனப் பெயர்பெற்றது. இரண்டாம் வகையினரோ வீடற்றோராகவே எண்ணப்படவில்லை. இவ்வேறுபாடு எதனால் ஏற்பட்டது என்பதே இக்கட்டுரையின் அடிப்படை வினாவாகும்.

2. மடமும் சுமைதாங்கியும்

கந்தர்மடம், ஓட்டுமடம், ஆறுகால்மடம் எனப் யாழ்ப்பாண நகரிலும் அதன் அயலிலும் வழங்கும் இடப்பெயர்கள், வழிப்போக்கர்க்கு ஒதுக்கிடம் அளிக்கும் மரபு எத்துணை பரவலாக இருந்தது என்பதைக் காட்டுகின்றன. பருத்தித்துறையிலுள்ள தெருமூடிமடம் இம்மரபின் எஞ்சிய சின்னங்களுள் குறிப்பிடத்தக்கது. தெருவுக்கு மேலாகக் கூரையும், இருமருங்கிலும் கற்றூண்களுடன் கூடிய திண்ணைகளும் அமைய, தெருவே மடத்தினூடாகச் செல்லும் வண்ணம் அது கட்டப்பட்டுள்ளது. நடந்து வருபவன் எவரிடமும் அனுமதி கேளாமல் வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் தப்பித் திண்ணையில் அமரலாம். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் அன்னதானக் கந்தன் எனப் பெயர் பெற்றமைக்கு அக்கோயிலைச் சூழவுள்ள மடங்களும் அங்கு நாள்தோறும் வழங்கப்படும் சோறுமே காரணமாகும்.

மடங்களைக் கட்டியோர் பொருள் படைத்தோர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றையொட்டி எளியோர் ஆற்றத்தக்க அறங்களும் வளர்ந்தன. சுமைதாங்கி அவற்றுள் ஒன்று. நட்ட இரு கற்களின் மேல் கிடத்தப்பட்ட ஒரு கல்லே அது. தலைச்சுமையுடன் வருபவன் பிறர் துணையின்றி அதன்மேற் சுமையை இறக்கி, இளைப்பாறி, மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதனை நாட்டுவது வழக்கம். கோடைக்காலத் தண்ணீர்ப்பந்தல், கால்நடைகளுக்கான கேணி, அவை உடலை உரோஞ்சிக் கொள்ள நாட்டப்பட்ட ஆவுரோஞ்சிக்கல் என்பனவும் இவ்வகையினவே. மூன்று கற்களும் ஒரு குடம் நீரும் இருந்தால் ஓர் ஏழைக் குடும்பமும் அறஞ் செய்யலாம் என்ற நிலை இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

எனினும் இம்மரபின் எல்லைகளையும் நாம் காணத் தவறலாகாது. மடம் சில இரவுகளுக்கான இடம். வந்தவன் போய்விடுவான் என்ற எதிர்பார்ப்பின் மேலேயே அது கட்டப்பட்டது. போக்கிடம் அற்றவனுக்கு அதில் நிலையான இடமில்லை. மேலும் மடமும் கிணறும் தண்ணீர்ப்பந்தலும் சாதி வரம்புக்கு உட்பட்டவையாகவே இயங்கின. தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்டோர் அம்மடங்களின் திண்ணைகளில் ஏறிச் சமமாக அமர முடியவில்லை. 1960களிற்கூடத் தேநீர்க்கடைகளில் அவர்களுக்கெனப் புறம்பான போத்தல்களும் பேணிகளும் வைக்கப்பட்டிருந்தமையை நோக்குமிடத்து, முந்திய நூற்றாண்டின் மடங்களில் நிலைமை எவ்வாறிருந்திருக்கும் என்பதை ஊகித்தல் கடினமன்று.

3. பிடியரிசியும் கஞ்சித்தொட்டியும்

எளியோரின் ஈகை ஓர் ஒழுங்குமுறையாக வளர்ந்தமைக்குப் பிடியரிசி தலைசிறந்த எடுத்துக்காட்டாகும். சமையலுக்கு அரிசி அளக்கும் ஒவ்வொரு வேளையும் வீட்டுப்பெண் அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துப் புறம்பான பானையிலோ பெட்டியிலோ இடுவாள். குறித்த நாளில் ஊர்த்தொண்டர் வீடுவீடாகச் சென்று அதனைத் திரட்டுவர். இவ்வாறு சேர்ந்த அரிசி பாடசாலைகளுக்கும் கோயில்களுக்கும் ஆதரவற்ற பிள்ளைகளைப் பேணும் இல்லங்களுக்கும் உதவியது.

இதன் ஆற்றலை உணர ஒரு சிறு கணக்குப் போதும். ஒரு பிடி 50 கிராம் எனக் கொள்வோம். வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு பிடி எனினும் 100 வீடுகளில் 5 கிலோ சேரும். 30 நாளில் 150 கிலோ. ஒருவருக்கு நாளொன்றுக்கு 250 கிராம் வீதம் கணக்கிட்டால், 20 பேர் மாதம் முழுவதும் உண்ணலாம். கொடுத்த வீடுகளில் எதுவும் பட்டினி கிடந்திராது. தனித்தனியே நோக்கின் பொருட்படுத்தத் தகாத ஒன்று, ஒழுங்காகவும் கூட்டாகவும் செய்யப்பட்டவிடத்து ஒரு நிறுவனத்தைத் தாங்கும் வலுவைப் பெற்றது.

பிடியரிசியின் சமூக இயல்பு இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. முதலாவதாக, இது பெண்களின் ஈகை. காணியும் பணமும் ஆண்களின் கட்டுப்பாட்டில் இருந்த பெரும்பாலான வீடுகளில், அரிசிப்பானை ஒன்றே பெண் தன் விருப்பப்படி கைவைக்கக்கூடிய செல்வமாக இருந்தது. இரண்டாவதாக, கொடுப்பவள் பெறுபவனின் முகத்தைக் காண்பதில்லை; பெறுபவன் அவள் முன் கைகட்டி நிற்க வேண்டியதுமில்லை. வாசலில் இடும் பிச்சைக்கும் இதற்குமுள்ள வேறுபாடு இதுவேயாகும். மூன்றாவதாக, இது மனம் இளகிய நாளில் மட்டும் செய்யும் கருமமன்று. உலை வைக்கும் நாளெல்லாம் செய்யப்படுவதாகையால், பெறுவோர் நாளையைப் பற்றித் திட்டமிட இடமிருந்தது.

1870களின் பிற்பகுதியில் தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டிய காலத்தில் யாழ்ப்பாணத்திலும் உணவுத் தட்டுப்பாடும் வாந்திபேதியும் பரவின. அவ்வேளையில் ஆறுமுக நாவலர் பொதுமக்களிடம் பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டி நடத்தினார்; அன்றைய அரசாங்க அதிபர் துவைனத்தின் நிருவாகத்தைக் கடுமையாகக் கண்டிக்கவுஞ் செய்தார். ஒரு கையால் கஞ்சி வார்ப்பதும் மறு கையால் ஆட்சியாளரைக் கேள்வி கேட்டு எழுதுவதும் ஒருங்கே நிகழ்ந்தமை எமது பொதுவாழ்வின் வரலாற்றில் முக்கியமானதொரு கட்டமாகும். ஆயினும் அதே நாவலர் சாதியாசாரத்தைப் பேணுவோராகவும் விளங்கினார் என்பதை மறைப்பதற்கில்லை. பசி பொதுத்துயராக ஏற்றுக்கொள்ளப்பட்டது. பசித்தவன் ஏன் எப்போதும் நிலமற்றவனாகவே இருக்கிறான் என்ற வினா எழவில்லை.

பிடியரிசி முறைக்கு இன்னொரு குறைபாடும் உண்டு. திரட்டியோர் பலர், எவருக்குக் கொடுப்பதென்று தீர்மானித்தோரோ ஊரின் பெரியமனிதர் சிலரே. கொடுத்தவர்க்குக் கணக்குக் கேட்கும் உரிமை இருக்கவில்லை. 1911ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின் பின் வளர்ந்த ஐக்கிய நாணய சங்கங்கள் இக்குறையை ஓரளவு நீக்கின. சிறுதொகையைத் திரட்டும் அதே முறை அங்கே பேரேட்டுடனும் பொதுக்கூட்டத்துடனும் இணைந்தது. 1936இல் மூளாயில் எழுந்த கூட்டுறவு மருத்துவமனை இவ்வளர்ச்சியின் பயனே. ஊர்மக்களின் சிறுதொகை ஒரு மருத்துவமனையாகுமெனின், ஏன் அது ஒரு குடியிருப்பாகவில்லை? இவ்வினாவுக்கு விடை காணக் காணி பற்றி நாம் நோக்கவேண்டும்.

4. குடிநிலம்

ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, யாழ்ப்பாணத்தின் சொத்துரிமை வழக்குகளோடு அடிமை முறை பற்றிய வழக்குகளையும் பதிவு செய்தது. 1844இல் இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. சட்டம் மனிதனை விடுவித்ததேயன்றி, அவன் நிற்பதற்கு ஒரு முழ நிலத்தையும் கொடுக்கவில்லை. விடுவிக்கப்பட்டோர் முன்போலவே நிலவுடைமையாளரின் வளவுகளிலும் தோட்டக் கரைகளிலும் மண்சுவரும் ஓலைக்கூரையுமான குடிசைகளில் வாழ்ந்தனர். குடியிருக்க இடம் கொடுத்தமைக்கு ஈடாக அவர்களின் உழைப்பும் பணிவும் எதிர்பார்க்கப்பட்டன. கூலி கூட்டிக் கேட்டவனுக்கும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவனுக்கும், மேற்சட்டை அணிந்தவனுக்கும் குடியெழுப்புதல் என்னும் அச்சுறுத்தல் எந்நேரமும் இருந்தது. கூரை இருந்தும் வீடற்றோராக வாழ்ந்தவர்கள் இவர்களே.

யாழ்ப்பாணத்து வழக்கில் வீடு மேய்தல் என்பது பனையோலையால் கூரையைப் புதுப்பிக்கும் கருமத்தைக் குறிக்கும். இது தனியொருவனாற் செய்யத்தக்கதன்று. ஓலை மிதிப்பவர், எடுத்துக் கொடுப்பவர், கூரைமேல் நின்று கட்டுபவர் எனப் பலர் கூடவேண்டும். அயலவர் இன்று எனது வீட்டுக்கு வருவர். நாளை நான் அவர்கள் வீட்டுக்குச் செல்வேன். கூலி இல்லை, கூழோ சோறோ கொடுக்கப்படும். ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புகளில் இக்கூட்டுழைப்பு உயிர்நாடியாக விளங்கியது. தீயோ மழையோ குடிசையை அழித்தால் அயற்குடிசைகளே ஓலையையும் கயிற்றையும் ஆட்பலத்தையும் ஈந்தன. ஆனால் ஊரின் மறுபக்கத்தில் இதே உழைப்பு கட்டாயக் கடமையாகப் பெறப்பட்டது. அவர்கள் நிலவுடைமையாளரின் கூரைகளை மேய்ந்து கொடுத்தனர். அவர்களின் கூரைகளை மேய எவரும் அங்கிருந்து வந்ததில்லை. ஒருவழிச் செல்லும் உதவி, உதவி எனும் பெயருக்கு உரியதன்று.

1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்கு வயலில் ஓரளவு பாதுகாப்பை அளித்தது. குடிசை நின்ற நிலத்துக்கு அதனால் பாதுகாப்புக் கிட்டவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலமும், 1967இல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும், 1968இன் மாவிட்டபுரக் கோயிற் போராட்டமும் தேநீர்க்கடைக் கதவுகளையும் கோயிற் கதவுகளையும் திறக்க வைத்தன. காணியின் படலை அத்துணை இலகுவில் திறக்கவில்லை. ஊர்மக்களின் சிறுதொகை பள்ளியாயிற்று, மருத்துவமனையாயிற்று. குடியிருப்பாகாமைக்குக் காரணம் பொருட்குறைவன்று. காணி என்பது சாதியதிகாரத்தின் இருப்பிடமாக இருந்தமையே காரணமாகும்.

5. மலையகத்திலிருந்து வன்னிக்கு

பெருந்தோட்டத் தொழிலாளரின் லயன் அறைகள் தோட்டத்துக்கே உரியன. வேலை போனால் வீடும் போகும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என மனிதரைத் தலைக்கணக்கிற் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் நிலை பிற்போடப்பட்டது. 1973–74ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சமும், 1972, 1975 நிலச்சீர்திருத்தங்களை ஒட்டிய குழப்பங்களும் பலரைத் தோட்டங்களிலிருந்து வீதிகளுக்குத் தள்ளின. 1977 ஓகஸ்ட் வன்செயலின் பின் பெருந்தொகையானோர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளை நாடினர்.

இவர்களைக் குடியமர்த்தும் பணியில் காந்தியம் இயக்கம் ஆற்றிய பங்கு தனித்து நோக்கத்தக்கது. கட்டடக்கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் முன்னின்ற அவ்வியக்கம் காடு திருத்திப் பயிர்செய்யவும், கிணறு வெட்டவும், பாலர் பாடசாலை நடத்தவும் துணைநின்றது. தொண்டர்களிற் பலர் கையிற் பொருளற்ற இளைஞர்கள். அவர்களிடம் இருந்தது நேரமும் உடல் வலுவுமே. 1983இல் அதன் தலைவர்கள் சிறையிடப்பட்டனர்; இராஜசுந்தரம் அவ்வாண்டு யூலையில் வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார். வீடற்றவனுக்குச் சோறு கொடுப்பதைச் சகித்துக்கொண்ட அதிகாரம், அவனுக்கு நிலம் காட்டுவதைச் சகிக்கவில்லை.

அதே யூலையில் கொழும்பிலும் தென்னிலங்கையின் பிற பகுதிகளிலும் தமிழரின் வீடுகள் எரிக்கப்பட்டபோது, சிங்கள, முஸ்லிம் அயலவர் பலர் அவர்களைத் தமது வீடுகளில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினர். கும்பல் வாசலில் நிற்கையில் கதவைத் திறக்க மறுத்த அந்த வீட்டுக்காரரிற் பலர் வசதி படைத்தோர் அல்லர். எளியோரின் உதவி உயிரைப் பணயம் வைக்கும் அளவுக்கு உயரக்கூடும் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுவதில்லை.

வன்னிக்கு வந்தோரை நாம் எவ்வாறு ஏற்றோம் என்பதும் கேட்கப்பட வேண்டியதே. ஊர்மக்கள் பலர் தடிகளும் கிடுகும் விதைநெல்லும் கொடுத்தனர். வேறு பலர் அவர்களைக் குறைந்த கூலிக்குக் கிடைத்த கைகளாகக் கண்டனர். தோட்டக்காட்டார் என்ற இழிசொல் வழக்கிலிருந்தது. கிளிநொச்சியின் மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற குடியிருப்புகளில் இம்மக்கள் காட்டை நிலமாக்கினர்; அந்நிலத்துக்கான உறுதியோ பலருக்கு நீண்டகாலம் கிட்டவில்லை. ஒரு தலைமுறையின் உழைப்பால் எழுந்த வீடு, கடதாசி இல்லாமையால் வீடற்ற நிலையாகவே தொடர்ந்தது.

6. இரு ஒக்டோபர்கள்

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் தமது ஊர்களை இழந்தனர். யாழ்ப்பாண நகரில் 30ஆந் திகதி அவர்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்களே. உடுத்த உடையும் சொற்பப் பணமும் தவிர மற்றெல்லாம் பறிக்கப்பட்டன. பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தை அடைந்தனர்.

புத்தளத்திலும் கற்பிட்டியிலும் அவர்களை வரவேற்றோர் மீனவரும் உப்பளத் தொழிலாளரும் சிறு தோட்டக்காரருமாவர். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறந்துவிடப்பட்டன. வீடுகளிற் சமைத்த உணவு வந்தது. தென்னந்தோப்புகளில் கொட்டில்கள் எழுந்தன. வாரக்கணக்கில் எனத் தொடங்கிய விருந்தோம்பல் பல ஆண்டுகளாக நீண்டது. அப்போது வேலை, குடிநீர், பாடசாலை இடம், நிவாரணம் ஆகியவை பற்றி வரவேற்றோர்க்கும் வந்தோர்க்கும் இடையே கசப்புத் தோன்றியது. இதனைப் புத்தளத்து மக்களின் மனக்குறுகலாகக் கொள்வது தவறு. ஏழைகள் ஏழைகளைத் தாங்கும் சுமையில் அரசு தன் பங்கை ஏற்காதவிடத்து, அன்பும் தேய்ந்து போகும் என்பதையே இது உணர்த்துகிறது.

யாழ்ப்பாணத்தில் அன்று நாம் என்ன செய்தோம்? சிலர் அழுதனர், சிலர் அயலவரின் பொருளையும் திறப்பையும் பத்திரப்படுத்தி வைத்தனர். எம்முட் பெரும்பாலோர் மௌனம் காத்தனர். ஆயுதத்தின் முன் அச்சம் இயல்பே. ஆனால் வெறுமையாகக் கிடந்த வீடுகளின் கதவும் யன்னலும் ஓடும் கழற்றப்பட்டமைக்கு அச்சத்தைக் காரணமாகக் கூற இயலாது.

சரியாக ஐந்து ஆண்டுகளின் பின், 1995 ஒக்டோபர் 30இல், வலிகாமத்து மக்கள் வெளியேற நேர்ந்தது. இராணுவ முன்னேற்றத்தின் நடுவே புலிகளின் அறிவித்தலோடு பல இலட்சம் பேர் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தை நோக்கிப் புறப்பட்டனர். மாரிமழை பெய்தது. நெரிசலில் பாலத்தைக் கடக்க மணிக்கணக்காயிற்று. தாகம் தாங்காது குடையை மலர்த்தி மழைநீர் ஏந்திக் குடித்தோரும் உளர்.

தென்மராட்சியின் ஊர்கள் தம் குடித்தொகையின் பன்மடங்கினரை ஏற்றன. ஒவ்வொரு வீட்டிலும் பல குடும்பங்கள். விறாந்தையில் ஒன்று, மாட்டுக்கொட்டிலில் ஒன்று, மாமரத்தின் கீழ் இன்னொன்று. கோயில் மண்டபங்களும் பாடசாலைகளும் நிறைந்தன. மீசாலையிலும் கொடிகாமத்திலும் ஓர் ஓலைவீட்டுக்காரர் ஆற்றிய உதவியை எந்த நிறுவனத்தின் அறிக்கையும் அளந்துவிட முடியாது. கிணறு வற்றும் வரை இறைக்கவிட்டார். வேலியின் கிடுகைப் பிரித்துக் கூரைக்குக் கொடுத்தார். ஒரே அடுப்பில் முறைவைத்துச் சமைக்க விட்டார். வாடகை கேட்டோரும் இருந்தனர். எல்லாவற்றையும்விட நுண்ணியதொரு கோடு கிணற்றடியில் வரையப்பட்டது. சில வளவுகளில் ஒடுக்கப்பட்ட சாதியினர் தாமாக வாளியை விட அனுமதிக்கப்படவில்லை. பிறர் அள்ளி ஊற்ற அவர்கள் ஏந்த வேண்டியிருந்தது. வீட்டை இழந்தோர் அனைவரும் ஒரே நிலையினராயினர் என்ற கூற்று கிணற்றடியில் பொய்த்தது.

7. உதவியின் வகைகள்

இதுவரை கண்ட சான்றுகளிலிருந்து, குறைந்த வசதியுடையோர் வீடற்றோர்க்கு ஆற்றிய உதவியை ஐந்தாக வகுக்கலாம்.

முதலாவது, ஒழுங்கான சிறுகொடை. பிடியரிசியின் படிப்பினை தொகையைப் பற்றியதன்று, ஒழுங்கைப் பற்றியது. ஒரு நாள் கொடுக்கும் பெருந்தொகையிலும், பலர் சேர்ந்து தவறாது கொடுக்கும் சிறுதொகை வீடற்றோர்க்கு உறுதியான பிடிமானமாகும். அதற்குக் கணக்கும், அக்கணக்கைக் கேட்கும் உரிமை பெறுவோர்க்கும் இருத்தலும் இன்றியமையாதன.

இரண்டாவது, உழைப்பு. கிடுகு பின்னுதல், மண் குழைத்தல், கூரை மேய்தல், கிணறு தூர்வாருதல் என்பன பணமற்றோரும் வழங்கக்கூடியவை. வீடற்றோரும் அதில் இணையும்போது, அவர்கள் பெறுவோராக மட்டும் நில்லாமல் நாளைய கொடுப்போராகவும் ஆகின்றனர்.

மூன்றாவது, இடம். ஒரு விறாந்தை, வளவின் ஒரு மூலை, கிணறு, மலசலகூடம் என்பவற்றைப் பகிர்தல். மலசலகூடத்தைப் பற்றி எமது அறநூல்கள் பேசுவதில்லை. ஆனால் பெண்கள் இருளும் வரை காத்திருக்க நேர்ந்த முகாம்களை அறிந்தோர், அதன் திறப்பைக் கொடுத்தவளின் அறம் எத்துணை பெரிது என்பதை உணர்வர்.

நான்காவது, எழுத்து. இடம்பெயர்ந்தவனுக்கு நிவாரண அட்டைப் பதிவும், பிறப்புச் சான்றிதழும், பிள்ளைக்குப் பாடசாலை அனுமதியும், காணி உறுதியின் பிரதியும் உணவுக்கு அடுத்த தேவைகள். படிவம் நிரப்பத் தெரிந்த ஓர் ஆசிரியரோ, மாணவரோ, இளைப்பாறிய எழுதுவினைஞரோ ஒரு மாலைப் பொழுதைக் கொடுத்தால், ஒரு குடும்பத்தின் பல ஆண்டு அலைச்சல் தவிரும். பல்கலைக்கழக மாணவர் தமக்குப் பொருளில்லை எனக் கூறலாம். எழுத்தில்லை எனக் கூறவியலாது.

ஐந்தாவது, துணைநிற்றல். 2017 சனவரி இறுதியில் முல்லைத்தீவு மாவட்டத்தின் பிலக்குடியிருப்பு மக்கள், விமானப்படையினர் வசமிருந்த தம் காணிகளின் வாயிலில் குழந்தைகளோடு அமர்ந்தனர். அயலூரவரும் பிற மாவட்டத்தவரும் வந்து உடனிருந்தனர். மார்ச் முதலாந் திகதி அக்காணிகள் விடுவிக்கப்பட்டன. 2018 ஏப்பிரலில் இரணைதீவு மக்கள் படகுகளில் ஏறித் தம் தீவுக்குத் தாமாகவே திரும்பினர். இங்கெல்லாம் உடன் சென்றோர் கொடுத்தது சோறன்று, சாட்சியாக நிற்றல். அதன் பயனாகக் கிடைத்தது நிலம்.

8. முடிவுரை

1990 முதல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டோர் சுன்னாகம், மல்லாகம் முதலிய இடங்களின் நலன்புரி முகாம்களில் வாழ்ந்தனர். 2009இல் போர் முடிந்தது; இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்த மெனிக்பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அதன் பின்னரும் யாழ்ப்பாணத்து முகாம்களில் பலர் எஞ்சியிருந்தனர். அவர்கள் யார் என்று நோக்குமிடத்து, இக்கட்டுரையின் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை கிடைக்கிறது. உறவினர் வீடும் வங்கிப் பணமும் வெளிநாட்டு உதவியும் உடையோர் ஏற்கெனவே வெளியேறிவிட்டனர். எஞ்சியோர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினரான நிலமற்றோர். காணியை விடுவித்தாலும் திரும்பிச் செல்ல அவர்களுக்கெனக் காணி இருக்கவில்லை. அவர்கள் முன்னர் வாழ்ந்ததும் பிறர் வளவிலேயே. முகாமுக்கு அயலில் சிறு துண்டு நிலம் வாங்க முயன்றபோதும், சாதியின் பெயரால் அவர்களுக்கு விற்க மறுத்தோர் இருந்தனர். இராணுவம் ஒரு படலையை மூடியது. மற்றையதை மூடியோர் நாம்.

ஆகவே, வீடற்றோர்க்கு எளியோர் எவ்வாறு உதவலாம் என்னும் வினா, எவ்வளவு கொடுக்கலாம் என்பதோடு முடிந்துவிடுவதில்லை. பிடியரிசியை ஒதுக்கிய கைகள் எமது சமூகத்தில் என்றும் இருந்தன. பஞ்சத்திலும் போரிலும் அவை ஓய்ந்ததில்லை. அவ்வரிசியால் பள்ளிகள் எழுந்தன, பிள்ளைகள் பிழைத்தனர். அதனைச் சிறிதென எவரும் இகழலாகாது. ஆனால் அரிசியைக் கொடுத்த அதே வீடு கிணற்றையும் திறந்து விட்டதா, தன் அயலில் இரண்டு பரப்புக் காணியை அவனுக்கு விற்கச் சம்மதித்ததா, அவன் பிள்ளை தன் பிள்ளையோடு ஒரே வாங்கில் அமர இசைந்ததா என்பவையே உதவியின் உண்மையான அளவுகோல்களாகும். இவற்றுள் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் ஒரு சதமும் செலவில்லை. இரண்டாவதற்கோ விலையே கிடைக்கும். பொருள் இல்லை என்னும் சமாதானம் இவ்விடத்திற் செல்லாது.

தெருமூடிமடத்தைக் கட்டியோர் தெருவை மறிக்கவில்லை, தெருவுக்கே கூரையிட்டனர். வருபவன் யாரென வினவாத அந்தக் கூரையின் கருத்தைக் கிணற்றடிக்கும் காணியெல்லைக்கும் கொண்டு செல்லுதல் எம் தலைமுறையின் கடமையாகும். அதற்கு வேண்டியது செல்வமன்று. இதுவரை எம் பெரியோர் பலர் கொடுக்க மறுத்த ஒன்றை, அடுத்த வீட்டில் வாழும் உரிமையை, கொடுக்கத் துணிதலே வேண்டும்.